ஜன்னல் அலங்காரத்துக்கு வீட்டு பயோபிளாஸ்டிக்: ஜெலட்டினா, கடல்பாசியா, ஜவ்வரிசியா?

முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று தேடுகிறவர்கள் கண்ணில் இப்போது அடிக்கடி படுவது இந்த பயோபிளாஸ்டிக், அதாவது சமையலறைப் பொருள்களிலிருந்தே செய்யும் பிளாஸ்டிக் போன்ற தகடு. அடுப்பில் எதையோ காய்ச்சி, வண்ணம் கலந்து, தட்டில் ஊற்றி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் ஒளி ஊடுருவும் ஒரு தகடு கிடைக்கிறது. அதை நட்சத்திரமாகவோ மீனாகவோ வெட்டி ஜன்னலில் மாட்டினால் காலை வெயில் அதற்குள் புகுந்து தரையில் வண்ணமாக விழும். வீடியோவில் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எதைக் காய்ச்சுவது என்பதில் நான்கைந்து வழிகள் உண்டு. அவற்றில் பாதி, குளிர்ந்த உலர்ந்த ஊர்களில் இருப்பவர்கள் எழுதியவை. நம் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் அவை அப்படியே ஒத்துவராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கடைக்குக் கிளம்பலாம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் சின்னப் பிள்ளைகளோடு கோடையில் செய்வதென்றால் கடல்பாசி. பெரும்பாலான வேலையைப் பிள்ளைகளே செய்ய வேண்டும், செலவும் ஆகக்கூடாது என்றால் ஜவ்வரிசி. பார்க்க அழகு என்று எடுத்துக்கொண்டால் ஜெலட்டின்தான் முதலில் நிற்கும். ஆனால் அது ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும், ஏசி அறையும் அசைவப் பொருளுக்கு மறுப்பில்லாத அடுப்படியும் உள்ளவர்களுக்கும்தான். பாலில் செய்வது ஜன்னலுக்கு ஆகாது.

இனி காரணங்கள்.

ஜன்னல் என்ன கேட்கிறது

நம் வீட்டு ஜன்னல்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்பக்கம் கம்பி, அதற்கும் இந்தப்பக்கம் ஒரு கொசுவலை. கண்ணாடிக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும், பகலில் பாதி நேரம் திறந்தே கிடக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் செய்வதைப்போலக் கண்ணாடியிலேயே ஒட்டிவைத்தால், மழைச் சாரலும் நேர்வெயிலும் மாறிமாறி அதன்மேல் விழும். அதனால் இங்கே ஒட்டுவதைவிடக் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிடுவதே தோது. தொங்கவிட வேண்டுமென்றால் தகட்டுக்குச் சொந்த பலம் வேண்டும். துளை போட்ட இடத்தில் கிழியக்கூடாது, காற்றில் ஆடி உடையக்கூடாது. நகரும் கண்ணாடிக் கதவு வைத்த புது ஃபிளாட்டுகளில் மட்டும் உள்பக்கக் கண்ணாடியில் ஒட்டும் வசதி உண்டு.

இரண்டாவது விஷயம் ஈரம். இந்தத் தகடுகள் எல்லாமே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் விட்டுவிடும். கடலோரத்தில் காலையில் தளர்ந்து தொங்கும் தகடு, மத்தியானம் மேற்கு வெயிலில் விறைக்கும். இந்த இழுபறியை எது தாங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெளிவு, பளபளப்பு எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

ஜெலட்டின்

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை இதைத்தான் சொல்கின்றன. காரணமும் நியாயமானது. 250 மில்லி தண்ணீரில் 45 முதல் 50 கிராம் ஜெலட்டின் தூளைப் பத்து நிமிஷம் ஊறவைத்து, இரண்டு டீஸ்பூன் கிளிசரின் சேர்த்து, கொதிக்கவிடாமல் சிறு தீயில் கரைத்து, மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு ஊற்றினால், காய்ந்தபின் கிடைப்பது உண்மையிலேயே கண்ணாடி போன்ற தகடு. மேடை நாடக விளக்குகளுக்கு முன்னால் போடும் வண்ணத் தாள்களை ஒரு காலத்தில் ஜெலட்டினில்தான் செய்தார்கள் என்றால் அதன் தெளிவைப் புரிந்துகொள்ளலாம்.

பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பானது. கொதிநிலை வரை போகத் தேவையில்லை, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகும் திரவமாகவே இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் ஒரு குட்டி டம்ளரைக் கொடுத்து, நிதானமாக ஊற்றச் சொல்லலாம். ஊற்றியது பிடிக்கவில்லையா? வழித்தெடுத்து மறுபடி சூடாக்கினால் கரையும். காய்ந்த தகட்டின் வெட்டுத் துண்டுகளைக்கூட ஊறவைத்து உருக்கித் திரும்ப ஊற்றலாம்.

சிக்கல் என்னவென்றால், எந்த குணம் பிள்ளைகளுக்கு வசதியோ அதுவேதான் நம் ஊரில் தொல்லை. ஜெலட்டின் கூழ் 30 டிகிரியைத் தாண்டினாலே தளர ஆரம்பித்துவிடும். அக்னி நட்சத்திரத்தின்போது சென்னையில் ஃபேன் ஓடும் அறைக்குள்ளேயே அதைவிடச் சூடு இருக்கும். தட்டில் ஊற்றியது சாயங்காலம் வரை பாயசமாகவே நிற்கும். ஃபிரிட்ஜில் வைத்து உறையவைக்கலாம், சரி. ஆனால் காய்வதற்காக வெளியே எடுத்ததும் மறுபடி இளகும். இளகிய நிலையில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை வருவதற்கு வேறு அழைப்பே தேவையில்லை, ஏனென்றால் ஜெலட்டின் சுத்தமான புரதம். ஏசி அறையில் மூன்றிலிருந்து ஐந்து நாள் விட்டுக் காயவைக்க முடிகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. முழுக்கக் காய்ந்த தகடு கோடைச் சூட்டில் உருகிவிடாது. ஈரம் பட்டால்தான் பிசுபிசுக்கும், மழைச் சாரல் பட்டால் வழியும்.

அப்புறம் சைவ வீடுகள். ஜெலட்டின் மாடு, பன்றி ஆகியவற்றின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது, மீனிலிருந்தும் எடுக்கிறார்கள். பாக்கெட்டில் அசைவக் குறி இருக்கும். சாப்பிடத்தானே கூடாது, ஒட்டத்தானே போகிறோம் என்று நாம் வாதிடலாம். பாட்டி ஒப்புக்கொள்ள வேண்டுமே. காய்ச்சும்போது வரும் வாடையும் ரகசியம் காக்காது. இஸ்லாமியக் குடும்பங்களில் ஹலால் ஜெலட்டின்தானா என்று பார்த்து வாங்குவார்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு, செய்முறைகளில் இதை யாரும் சொல்வதில்லை. ஜெலட்டின் கரைசலை நேராக ஜன்னல் கண்ணாடியில் ஊற்றிக் காயவிடாதீர்கள், அதிலும் கிளிசரின் இல்லாமல், அதிலும் பாத்ரூம் ஜன்னலில் போடுகிற சொரசொரப்பான மங்கல் கண்ணாடியில். விலங்குத் தோலில் செய்த பசையை மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியில் பூசி, அது காய்ந்து சுருங்கும்போது கண்ணாடியின் மேற்பரப்பையே சில்லு சில்லாகப் பெயர்த்தெடுத்து, பனி பூத்ததைப் போன்ற கோலத்தை உண்டாக்கும் ஒரு பழைய அலங்காரத் தொழிலே இருக்கிறது. அந்தப் பசையும் அடிப்படையில் ஜெலட்டின்தான். தனியாக ஊற்றிக் காயவைத்து, உரித்த பிறகு ஒட்டுவதில் ஆபத்தில்லை.

கடல்பாசி

ஜெலட்டினா கடல்பாசியா என்ற கேள்வி 1881-லேயே ஒரு ஆய்வுக்கூடத்தில் எழுந்து முடிவாகிவிட்டது. ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த வால்தர் ஹெஸ்ஸே, கிருமி வளர்க்க ஜெலட்டின் தட்டுகளைப் பயன்படுத்தினார். கோடைச் சூட்டில் அவை உருகின, போதாததற்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று நீராக்கின. உங்கள் ஜெல்லி மட்டும் எப்படி வெயிலிலும் உருகாமல் நிற்கிறது என்று மனைவி ஃபேனியைக் கேட்டார். ஜாவாவில் வாழ்ந்த ஒரு டச்சுக்காரர் வழியாகத் தெரிந்துகொண்ட அகர் அகரைத்தான் ஃபேனி சமையலில் போட்டுவந்தார். அன்றிலிருந்து உலகம் முழுக்கக் கிருமி வளர்ப்பது அகரில்தான். ஜெர்மனிக் கோடைக்கே தாங்காத ஜெலட்டினை நாம் சித்திரை வெயிலில் முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்.

அகர் அகர்தான் கடைகளில் சைனா கிராஸ் என்றும் கடல்பாசி என்றும் கிடைப்பது. நோன்பு மாதத்தில் பல இஸ்லாமிய வீடுகளில் ரோஸ் மில்க்கிலும் இளநீரிலும் கடல்பாசி உறையவைப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். மூலப்பொருளும் நமக்கு அந்நியமில்லை. ராமநாதபுரம் கடற்கரைக் கிராமங்களில் பெண்கள் முக்குளித்து எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டும் அகர் எடுக்கும் பாசிகள்தான். கடையில் கேட்கும்போது பாதாம் பிசினைக் கையில் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிகர்தண்டாவில் இரண்டையும் போடுவார்கள் என்பதால் குழம்பிவிடுகிறார்கள். பாதாம் பிசின் ஊறி உப்பும், கரைந்து தகடாகாது.

அளவு: 250 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் தூள், அதாவது தலைதட்டிய இரண்டு டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் கிளிசரின். நூல்நூலாக இருக்கும் வகை என்றால் முதலில் ஊறவையுங்கள். இதைக் கட்டாயம் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். 85 டிகிரிக்குக் கீழே அகர் கரையாது. மூன்று நான்கு நிமிஷம் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, துணுக்கு ஏதும் தெரியாமல் தெளிந்ததும் இறக்கிவிடலாம். ஆக, அடுப்பு வேலை முழுக்கப் பெரியவர்களுடையது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இறக்கிய பிறகுதான் அதன் அருமை தெரியும். 40 டிகிரியை ஒட்டி அது உறைந்துவிடும், உறைந்தது திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். சென்னையின் எந்த அறையிலும் ஃபிரிட்ஜ் இல்லாமல் அரைமணி நேரத்தில் கெட்டியாகிவிடும், அதன்பின் இளகவே இளகாது. பொறுமை இல்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். ஊற்றியது கண்ணெதிரே கெட்டியாவதைப் பார்த்தபின் ‘இனி நாலு நாள் காத்திரு’ என்று சொன்னால் கேட்பார்கள். பாயசத்தைக் காட்டிச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அதே காரணத்தால் ஊற்றும் நேரம் குறைவு. கைபடும் சூட்டுக்கு ஆறுவதற்கும் உறைவதற்கும் நடுவில் சில நிமிஷங்கள்தான். வண்ணங்களை முன்கூட்டியே சின்னக் கிண்ணங்களில் சொட்டுவிட்டு வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். கரைசலை நீங்கள் பங்கிட்டு ஊற்ற, பிள்ளைகள் கலக்கிச் சாய்க்கட்டும். தட்டிலேயே ஒரு வண்ணம் உறையத் தொடங்கியதும் பிஸ்கெட் அச்சால் ஒரு வடிவத்தை வெட்டியெடுத்து, அந்தக் குழியில் வேறு வண்ணத்தை ஊற்றினால் நீலத்துக்கு நடுவே மஞ்சள் மீன் வரும். முதல் வண்ணம் முழுக்க ஆறிக் குளிர்ந்துவிட்டால் இரண்டும் ஒட்டாது, காய்ந்ததும் மீன் தனியாகக் கழன்றுவிடும்.

காய்ந்தபின் வரும் தகடு மெல்லியது. கணக்கு எளிது: ஊற்றியதில் பெரும்பகுதி தண்ணீர், அது போனபின் மிஞ்சுவது ஏறக்குறைய நூற்றில் நான்கு பங்கு. நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றினால் கிடைப்பது மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தடிமன். ஜெலட்டினில் அதே அளவுக்கு ஊற்றினால் இதைப்போல நான்கைந்து மடங்கு தடிமன் வரும். அதனால் கடல்பாசித் தகட்டில் ஜெலட்டினின் பளிங்குத் தெளிவு கிடையாது. லேசான மங்கலும், வெண்ணெய்த்தாளின் சாயலும் இருக்கும். எனக்கு அந்த மங்கல் பிடிக்கும். மேற்கு வெயில் கண்ணைக் குத்தாமல் உள்ளே வருகிறது. தெளிவுதான் வேண்டும் என்று நிற்கிற பெரிய பிள்ளைகள் ஏமாறுவார்கள்.

விலையில் கடல்பாசி எடைக்கு எடை கூடுதல்தான். ஆனால் ஒரு தகட்டுக்கு ஜெலட்டின் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கு தூள் போதும் என்பதால் செலவு கைக்குள் அடங்கிவிடும். சாரல் பட்டால் உப்பும், சுருங்கும், ஆனால் கரைந்து வழியாது. தவறிப்போனதை மறுபடி கொதிக்கவைத்து ஊற்றலாம். ஒன்று மட்டும், மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் போய் உறைந்தால் வெந்நீர் ஊற்றியும் போகாது.

ஜவ்வரிசி, கார்ன்ஃப்ளோர்

ஜவ்வரிசி வடாம் போட்ட வீட்டில் இந்த பயோபிளாஸ்டிக்கை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மாவைக் காய்ச்சி, கண்ணாடியாக வெந்ததும் விரித்த ஷீட்டில் ஊற்றி, காயவைத்து, உரித்தெடுப்பது. மாடியில் காயும் வடாமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஒளி ஊடுருவும். அது விறைத்து உடைவதற்குக் காரணம் கிளிசரின் இல்லாததுதான். உப்பு, பச்சைமிளகாய் போடும் இடத்தில் கிளிசரினும் வினிகரும் போட்டால் வளையும் தகடு வந்துவிடும். வடாமில் நமக்கு மொறுமொறுப்பு வேண்டும், இங்கே அது வரவே கூடாது; அதனால் இதை வெயிலில் காயவைக்காமல் நிழலில் ஃபேன் காற்றில் காயவைக்க வேண்டும். வெயிலில் ஓரம் முதலில் காய்ந்து சுருண்டு, நடுவில் விரிசல் விடும்.

ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் மாவுக்கு ஐந்து டேபிள்ஸ்பூன் தண்ணீர், ஒரு டீஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் கிளிசரின். பச்சைத்தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றி, விடாமல் கிளறினால் வெள்ளையாக இருந்தது சட்டென்று கண்ணாடியாக மாறும். வினிகர் வெறும் சம்பிரதாயத்துக்கு இல்லை. மாவுச்சத்தில் கிளைகிளையாகப் பிரிந்திருக்கும் சங்கிலிகளை அமிலம் கொஞ்சம் உடைத்துவிடும். அப்போதுதான் அவை ஒன்றோடொன்று ஒழுங்காகப் படிந்து தகடாகும். பத்து வயதுப் பிள்ளையோடு செய்கிறீர்கள் என்றால் ஒரு தகடு வினிகரோடும் ஒன்று இல்லாமலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், விடுமுறை வீட்டுப்பாடமும் முடிந்த மாதிரி.

கார்ன்ஃப்ளோரிலும் இதே அளவில் செய்யலாம். பெரும்பாலான செய்முறைகள் அதைத்தான் சொல்கின்றன, ஆனால் ஜன்னலுக்கு நான் ஜவ்வரிசிதான் சொல்வேன். ஜவ்வரிசி செய்யும் மரவள்ளி மாவு வெந்தால் தெளிவாக இருக்கும், கார்ன்ஃப்ளோர் கலங்கலாக நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே மாட்டும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சேலத்துக்காரர்களுக்கு இதில் சொந்த ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்ளும்.

சின்னக் கைகளுக்கு இதில்தான் வேலை அதிகம். கூழ் ஓடாது, அதனால் ஊற்றுவதைவிடப் பரப்புவதுதான். ஸ்பூனால் இழுத்து, விரலால் கோலம் போட்டு, மூன்று நான்கு வண்ணங்களை அடுத்தடுத்து வைத்து விளையாடலாம், அவசரம் இல்லை. ஆனால் அந்த நிதானம் ஆறிய பிறகுதான். வெந்த மாவுக்கூழ் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாது, வெந்நீரைவிட மோசமாகச் சுடும். கைபட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று உறுதியானதும் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

குறைகள்: காற்றுக்குமிழிகள் உள்ளேயே தங்கிவிடும், தடிமன் ஒரே சீராக வராது, தவறினால் திரும்ப உருக்க முடியாது. ஈரக்காற்றில் மூன்றிலும் அதிகமாகத் தளர்வதும் இதுதான். மழைக்காலத்தில் மாட்டினால் சில வாரங்களில் கழற்றிவிடுவீர்கள். அதனாலென்ன, அடுத்ததைப் போடுவதற்குக் கையில் ஒரு பிடி ஜவ்வரிசி போதும்.

பால், ஆல்ஜினேட்

சூடான பாலில் வினிகர் ஊற்றித் திரியவைத்து, திரளைப் பிழிந்து அச்சில் அழுத்திக் காயவைப்பது பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி வரும். இந்தத் திரளில் இருக்கும் பால் புரதமான கேசீனை ஃபார்மலின் என்ற நச்சு ரசாயனத்தில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, 1890-களின் கடைசியில் ஜெர்மனியில் கலாலித் என்ற பிளாஸ்டிக்கைச் செய்தார்கள், சட்டைப் பொத்தான்கள் கோடிக்கணக்கில் அதில் வந்தன. வீட்டில் ஃபார்மலின் பக்கமே போகக்கூடாது. அது இல்லாமல் கிடைப்பது ஒளி புகாத, காய்ந்தால் வெடிக்கிற, ஈரத்தில் வாடை அடிக்கிற ஒன்று. ஜன்னலுக்கு எதற்கு? வேண்டுமானால் சின்னச் சின்ன மணியாக உருட்டித் துளைபோட்டு, மற்றத் தகடுகளைத் தொங்கவிடும் நூலின் அடியில் பாரத்துக்குக் கோக்கலாம்.

சோடியம் ஆல்ஜினேட் இன்னொரு கடல்பாசிப் பொருள். நம் கரையில் ஒதுங்கும் கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் இருப்பது. அடுப்பே வேண்டாம், தண்ணீரில் அடித்துக் கரைத்து, குமிழி அடங்க ஒரு ராத்திரி வைத்து, ஊற்றியபின் கால்சியம் கரைசலைத் தெளித்தால் இறுகும். தகடும் உறுதியானது. ஆனால் பக்கத்துக் கடையில் கிடைக்காது, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும், இரண்டு பொருளாக வாங்க வேண்டும். வேதியியலில் ஆசையுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரி. லீவில் ஒரு சாயங்காலத்துக்கு இவ்வளவு ஏற்பாடு அதிகம்.

கிளிசரினும் வண்ணமும்

எந்த வழியில் போனாலும் கடைசியில் தகட்டின் குணத்தைத் தீர்மானிப்பது மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் அந்தக் கிளிசரின் பாட்டில்தான். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதனால்தான் தகடு வளைகிறது. கூடிப்போனால் அதே காரணத்தால் காயவே காயாது, விரல் ரேகை பதியும், தூசி ஒட்டும். நான் மேலே சொன்னவை கடலோர அளவுகள். திருச்சி, மதுரை, வேலூர்ப் பக்கம் வறண்ட கோடையில் இதே அளவு போட்டால் ஒரு வாரத்தில் சுருண்டு ஒடியும்; அங்கே ஜவ்வரிசிக்கு முக்கால் டீஸ்பூன், கடல்பாசிக்கு ஒன்றரை டீஸ்பூன் வரை போகலாம். முதலில் ஒரு பாட்டில் மூடி அளவுக்குச் சின்னத் தகடு ஊற்றிப் பார்த்துவிட்டுக் கூட்டிக் குறைப்பது நல்லது.

வண்ணத்துக்கு இயற்கைப் பொருள்தான் வேண்டும் என்று பலர் நினைப்பார்கள். ஜன்னல் அதற்குத் தோதான இடமில்லை. மஞ்சள் வெயிலில் வேகமாக வெளுக்கும், பீட்ரூட்டும் அப்படியே. சங்குப்பூச் சாறு கடல்பாசியில் நீலமாக இருக்கும், வினிகர் உள்ள ஜவ்வரிசிக் கூழில் விட்டால் ஊதாவாக மாறும். மஞ்சளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. பிள்ளைகளுக்கு அந்த மாற்றத்தைக் காட்டுவதற்காகவே ஒரு தகடு போடலாம். நாலு மாதம் ஜன்னலில் நிற்க வேண்டியதற்கு ஃபுட் கலர்தான், அதுவும் ஒரு சொட்டு போதும். தட்டில் அடர்த்தியாகத் தெரியாவிட்டாலும் காயும்போது நிறம் கூடும். பூவிதழ், இலை பதிப்பதென்றால் புத்தகத்துக்குள் வைத்து நன்றாகக் காய்ந்ததை மட்டும் பதியுங்கள். பச்சை இதழைச் சுற்றித்தான் பூஞ்சை முதலில் ஆரம்பிக்கும்.

ஊற்றுவதற்கு எவர்சில்வர் தட்டு வேண்டாம், மாவுத் தகடு அதில் பிடித்துக்கொள்ளும். ஐஸ்க்ரீம் டப்பா மூடி, பழைய ஓ.ஹெச்.பி. ஷீட் (புரொஜெக்டரில் வைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), சிலிகான் அச்சு இவைதான் உரிக்க எளிது. பயோபிளாஸ்டிக் செய்ய பிளாஸ்டிக் மூடி தேவைப்படுகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். வழுவழுப்பான பரப்பில் ஊற்றினால் அந்தப் பக்கம் பளபளப்பாக வரும். ஓரங்கள் காய்ந்து உள்ளே இழுக்கும்போது சுற்றிலும் கிளிப்போ சின்ன எடையோ வைத்தால் மடங்காது. வடிவங்களைக் காய்ந்தபிறகே கத்தரியுங்கள். ஈரத்தில் வெட்டிய நட்சத்திரம் ஐந்து பக்கமும் ஐந்து விதமாகச் சுருங்கும். பார்க்க மிட்டாய்போல இருப்பதால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் எட்டாமல் காயவையுங்கள். எறும்புக்கும் கரப்பானுக்கும் அதே விதி.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வெறும் அலங்காரம்தான் வேண்டும் என்றால் வேண்டாம். பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாளை வெட்டி மைதாப் பசையில் ஒட்டினால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும், வெளிச்சமும் அழகாக வரும், குப்பைக்குப் போனாலும் மக்கும். கடையில் விற்கும் பிவிசி ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால் மட்டுமே பயோபிளாஸ்டிக் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்ல முடியும். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையான பொருள்களின் பட்டியலில் அலங்காரத் தெர்மாகோலும் இருக்கிறது என்பதையும், பள்ளியில் அதற்கு மாற்று கேட்கும்போது இந்தத் தகடு கைகொடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றபடி இதைச் செய்வது செய்கிற வேலைக்காகத்தான். அளப்பது, காய்ச்சுவதைக் கவனிப்பது, ஊற்றுவது, தினமும் போய்த் தொட்டுப்பார்ப்பது, கடைசியில் சர்ரென்று உரிப்பது.

அந்தக் கணக்கில் பார்த்தால் மூன்று நான்கு வயதுக்கு ஜவ்வரிசி, ஐந்திலிருந்து பத்துக்குள் கடல்பாசி, அதற்கு மேல் ஏசி அறை இருந்தால் ஜெலட்டின். பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் வீட்டில் கடல்பாசியும் ஜவ்வரிசியும் ஒரே நாளில் போடலாம். கடல்பாசி முதலில், அது உறையும் நேரத்தில் ஜவ்வரிசிக் கூழ் ஆறிவிடும்.

டிசம்பருக்கு ஜன்னலில் ஸ்டார் வேண்டுமென்றால் டிசம்பரில் ஆரம்பிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் எதுவும் ஒழுங்காகக் காயாது. கோடையிலேயே கடல்பாசித் தகடுகளை ஊற்றிக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெண்ணெய்த்தாள் வைத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் மருந்து பாட்டில்களில் வரும் அந்தக் குட்டி சிலிக்கா பொட்டலங்கள் இரண்டைப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். சிலிக்கா பொட்டலம் பிள்ளைகள் கையில் சிக்காமல் டப்பாவின் மூடியில் உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டிவிடலாம். டிசம்பரில் எடுத்து, வெட்டி, மழை விட்ட நாளாகப் பார்த்து மாட்டினால் போதும்.